காலேஜ் ஃபுட்பால் ஸ்டேடியங்களில் இருக்கைகள் ஏன் காலியாகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் வேலை செய்யும் இடத்திலும் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவிலும் என்னிடம் வரும் கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான். புதிதாக வந்த மாணவர்கள் கேட்கிறார்கள், பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்த பெற்றோர்கள் கேட்கிறார்கள், ஊரிலிருந்து ஃபோனில் பேசும் நண்பர்களும் கேட்கிறார்கள். மிட்வெஸ்ட்டில் படித்து, இங்கேயே தங்கி, இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாகிப்போன ஒருவனாக எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காலேஜ் ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்தா?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அதைப் பல்கலைக்கழக டீம்கள் ஆடுவதுதான் காலேஜ் ஃபுட்பால். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை ஒரு டீமுக்கு 12 மேட்ச், அதில் ஆறோ ஏழோ சொந்த ஸ்டேடியத்தில், பெரும்பாலும் சனிக்கிழமை. காலேஜ் டீம்தானே என்று சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம், அது இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் ஜனத்தொகையே சுமார் 1,24,000தான். நெப்ராஸ்காவில் மேட்ச் நாளன்று ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பார்கள், கணக்குப் பார்த்தால் அது சரியாகவே இருக்கும். பக்கத்தில் தொழில்முறை டீமே இல்லாத எத்தனையோ ஊர்களுக்கு இந்த ஏழு சனிக்கிழமைதான் ஊர்த் திருவிழா.

சீசன் டிக்கெட் என்றால் ஏழு மேட்சுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், அவ்வளவுதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவருக்கு அது ஒரு இடம். அலுமினிய பெஞ்சில் ஒன்றரை அடிக்கும் குறைவான அகலம், மேலே ஒரு எண், வருஷா வருஷம் அதே எண். முன்வரிசையில் அதே கிழவர், பின்னால் அதே குடும்பம், இடது பக்கம் ஒவ்வொரு பெனால்டிக்கும் நடுவரைத் திட்டுகிற அதே அம்மா. அப்பா வைத்திருந்த இடம் மகளுக்குப் போகும், மகள் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

பணக் கணக்கு வேறு மாதிரி. நல்ல இடம் வேண்டுமென்றால் டிக்கெட் விலை போக பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறக்கட்டளைக்கு ஒரு "நன்கொடை" கொடுத்தாக வேண்டும். எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை வருஷமாகக் கொடுக்கிறீர்கள் என்பதை வைத்துப் புள்ளிகள் போடுவார்கள். புள்ளி ஏற ஏற இடமும் நடு மைதானத்துக்கு நகரும், கார் நிறுத்தும் இடமும் பக்கத்தில் கிடைக்கும். பல இடங்களில் இந்த நன்கொடை டிக்கெட் விலையைவிட அதிகம்.

உண்மையிலேயே கூட்டம் குறைந்திருக்கிறதா, இல்லை பத்திரிகைகள் பெரிதுபடுத்துகின்றனவா?

குறைந்திருக்கிறது. மேல்மட்டப் பிரிவில் ஒரு மேட்சுக்குச் சராசரிக் கூட்டம் 2008-இல் கிட்டத்தட்ட 47,000. அதுதான் உச்சம். 2017-இல் ஒரே வருஷத்தில் 1,400 பேருக்கு மேல் சராசரி சரிந்தது, 34 வருஷத்தில் அவ்வளவு பெரிய சரிவு இருந்ததில்லை. 2018-இல் 41,856 ஆனது. கொரோனாவுக்கு அடுத்த 2021 சீசனில் 40,000-க்கும் கீழே போனது, 1981-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். அதற்குப் பின் ஓரளவு ஏறியிருக்கிறது.

ஆனால் சராசரி ஒரு விஷயத்தை மறைத்துவிடும். ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், டெக்சஸ், ஜார்ஜியா போன்ற இடங்களில் இன்றைக்கும் ஸ்டேடியம் நிறைகிறது. அடி விழுவது நடுத்தர டீம்களுக்கும் சின்ன டீம்களுக்கும்தான். இந்த இடைவெளி வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகிறது, எனக்கு உண்மையான கவலை அதில்தான்.

"இன்றைய கூட்டம் 62,000" என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்களே, கண்ணுக்குப் பாதிதானே தெரிகிறது?

உங்கள் கண்ணை நம்புங்கள். அறிவிப்பது பெரும்பாலும் விற்ற டிக்கெட்டும் இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டும் சேர்ந்த கணக்கு, சில இடங்களில் பேண்ட் வாசிப்பவர்கள், காவலர்கள், ஊழியர்கள் வரை சேர்த்துவிடுவார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018-இல் பல்கலைக்கழகங்களிடம் வாசலில் ஸ்கேன் செய்த டிக்கெட் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. 2017 சீசனில் அறிவித்த எண்ணிக்கையில் சராசரியாக 71 சதவீதம் பேர்தான் உள்ளே வந்திருந்தார்கள். அதாவது பணம் கட்டி டிக்கெட் வாங்கியவர்களே வீட்டில் இருந்துவிடுகிறார்கள். காசு கொடுத்ததையே வேண்டாம் என்று விடுகிறவர் அடுத்த வருஷம் புதுப்பிக்கமாட்டார், இது தெரிந்துகொள்ள பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம்.

டிவிதான் காரணமா?

ஆமாம், ஆனால் எல்லோரும் நினைக்கிற விதத்தில் இல்லை. வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, சோபா இருக்கிறது, கழிப்பறைக்கு வரிசை இல்லை என்பதெல்லாம் உண்மைதான். அதைவிடப் பெரிய விஷயம், ஸ்டேடியத்துக்குள் நடப்பதையே டிவிதான் இப்போது முடிவு செய்கிறது.

1984 வரைக்கும் எந்த மேட்ச் டிவியில் வரலாம், ஒரு டீம் எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஸ்டேடியத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஒக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் வழக்குப் போட்டு, 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து கதவு திறந்துவிட்டது. பல்கலைக்கழக டீம்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் கூட்டணியைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள். இப்போது பிக் டென் கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி டிவி கம்பெனிகள் மூன்றோடும் போட்டிருக்கும் ஏழு வருஷ ஒப்பந்தம் மட்டும் 700 கோடி டாலரைத் தாண்டுகிறது.

இவ்வளவு கொடுப்பவர்கள் நேரத்தையும் கேட்பார்கள். பெரும்பாலான மேட்சுகள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று 12 நாளுக்கு முன்னால்தான் தெரியும், சில சமயம் 6 நாளுக்கு முன்னால். பகல் 12 மணிக்கா, மூன்றரைக்கா, இரவு எட்டுக்கா என்று தெரியாமல் மூன்று மணி நேரம் காரோட்டி வருகிற குடும்பம் ஹோட்டல் எப்படிப் போடும்? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்யும்? இரவு எட்டு மணி மேட்ச் முடியப் பதினொன்றரை, பார்க்கிங்கை விட்டு வெளியே வர இன்னொரு மணி நேரம், வீடு போய்ச் சேர விடியற்காலை.

உள்ளே உட்கார்ந்தால் இன்னொரு கொடுமை. மைதான ஓரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நிற்பார், டிவி கம்பெனியோடு காதில் பேசிக்கொண்டே. விளம்பர இடைவேளை வந்ததும் அவர் மைதானத்துக்குள் சில அடி நடந்து வந்து நிற்பார், ஆட்டம் நின்றுவிடும். 22 பேரும் இடுப்பில் கை வைத்து நிற்க, நடுவர்கள் நிற்க, எழுபதாயிரம் பேரும் அந்த ஒரு சிவப்புத் தொப்பி எப்போது திரும்பிப் போகும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது பல ஸ்டேடியங்களில் எத்தனை வினாடி பாக்கி என்று கடிகாரமே வைத்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர் அந்த நேரத்தில் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொள்வார். நாம் நவம்பர் குளிரில் அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஒரு மணி நேர ஆட்டம் மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்க இது ஒரு பெரிய காரணம். 2023-இல் கடிகார விதியை மாற்றினார்கள், பத்து யார்டு முன்னேறி ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்த பிறகும் கடிகாரம் ஓடும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் பழையபடி. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. விளம்பரம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகலாமே, ஸ்டேடியத்துக்கு எதற்கு?

டிவியில் ஆட்டம் நன்றாகவே தெரியும். ஆனால் அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் ஸ்டேடியத்தில், ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் முதல் கால் ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கிறது தெரியுமா? ஸ்டேடியத்தை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உயரமாக நிற்கிறது, அதன் மேல் மாடியிலிருந்து நோயாளிக் குழந்தைகள் மேட்ச் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேரும், எதிர் டீம் ஆட்டக்காரர்களும், நடுவர்களும் அந்தப் பக்கம் திரும்பிக் கையசைக்கிறார்கள். 2017-இல் ஒரு ரசிகர் சொன்ன யோசனை, இன்றைக்கு வரை நிற்கவில்லை. இது டிவிக்காக யாரும் ஏற்பாடு செய்ததில்லை. கூட்டம் இருந்தால்தான் இதெல்லாம் முளைக்கும். டிவியில் பார்க்கிறவருக்கும் அந்தக் கூட்டத்தின் சத்தம்தான் மேட்சை மேட்சாக்குகிறது.

மாணவர்களே வருவதில்லை என்கிறார்களே, அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டதா?

கையில் ஃபோன் இருக்கிறது, உள்ளே சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் வருவதில்லை என்று விளையாட்டுத் துறை அதிகாரிகள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். பல கோடி செலவழித்து வைஃபை போட்டார்கள். போட்டது நல்லதுதான், ஆனால் காரணம் அது இல்லை என்பது என் கருத்து. மாணவர்களை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள்.

மிச்சிகன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே 1975-லிருந்து ஒவ்வொரு சொந்த மைதான மேட்சுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், 2020 கொரோனா சீசன் மட்டும் விலக்கு. அப்படிப்பட்ட இடத்தில், 2013-இல் மாணவர்களுக்கு மூப்பு வரிசைப்படி இடம் கொடுக்கும் முறையை எடுத்துவிட்டு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முன்னிடம் என்று மாற்றினார்கள். நான்கு வருஷம் படித்த மூத்த மாணவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் வித்தியாசம் இல்லை, நண்பர்கள் சேர்ந்து உட்கார வழியில்லை. விலையையும் கிட்டத்தட்ட 300 டாலருக்கு ஏற்றினார்கள். 2014-இல் நோட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட் என்று மூன்று பெரிய எதிரிகளோடும் வெளியூரில்தான் மேட்ச். ஆன் ஆர்பரில் பார்க்க ஒன்றுமில்லை. மாணவர் சீசன் டிக்கெட் 19,000 அளவிலிருந்து 12,000 அளவுக்கு விழுந்தது. செப்டம்பர் கடைசியில் இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் மினசோட்டா மேட்சுக்கு இரண்டு டிக்கெட் என்று ஒரு விளம்பரம் வந்து, கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அந்த மினசோட்டா மேட்சிலேயே தலையில் அடிபட்ட குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஷேன் மாரிஸைத் திரும்ப ஆட அனுப்பினார்கள். மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசல் வரைக்கும் ஊர்வலம் போனார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் அக்டோபர் 31 அன்று ராஜினாமா செய்தார். அடுத்த வருஷம் மாணவர் டிக்கெட் 175 டாலருக்கு இறங்கியது, ஜிம் ஹார்பா கோச்சாக வந்தார், மாணவர்கள் திரும்பினார்கள்.

ஆர்வம் எங்கேயும் போகவில்லை. பையனும் பெண்ணும் முதல் வருஷத்தில் வராவிட்டால் பழக்கம் உண்டாகாது. பழக்கம் இல்லாதவர் முப்பத்தைந்து வயதில் சீசன் டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கமாட்டார். மாணவர் டிக்கெட்டில் 120 டாலர் கூடுதலாகப் பிடுங்கி, அவர் பின்னால் கொடுக்கவிருந்த முப்பது வருஷப் பணத்தை இழக்கிறார்கள்.

அலபாமாவில் மாணவர்களை ஆப் வைத்துக் கண்காணிப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

2019-இல் தொடங்கினார்கள். ஜெயிப்பது உறுதி என்று தெரிந்ததும் மாணவர்கள் பாதியிலேயே கிளம்பிப் போவது கோச் நிக் சேபனுக்குப் பிடிக்கவில்லை, பல முறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதனால் ஃபோனில் ஒரு ஆப். மேட்சுக்கு வந்தால் 100 புள்ளி, நான்காம் கால் ஆட்டம் வரை இருந்தால் இன்னும் 250. புள்ளி சேர்ந்தால் சாம்பியன்ஷிப் மேட்ச் டிக்கெட்டில் முன்னுரிமை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த வருஷங்களில் அலபாமா ஜெயித்த அளவுக்கு யாரும் ஜெயிக்கவில்லை. அப்படியிருந்தும் மாணவர்கள் கிளம்பினார்கள் என்றால், செப்டம்பர் வெயிலில் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்து ஒருதலைப்பட்சமான மேட்சைக் காட்டியதுதான் காரணம். மாற்ற வேண்டியது அட்டவணையைத்தான்.

ஒருதலைப்பட்சமான மேட்ச் என்றால்?

பெரிய டீம் ஒன்று சின்ன டீமுக்குப் பத்து, பதினைந்து லட்சம் டாலர் கொடுத்துத் தன் ஊருக்கு வரவழைத்து அடிக்கும். சின்ன டீமுக்கு அந்தப் பணத்தில் ஒரு வருஷச் செலவின் ஒரு பகுதி ஓடும், பெரிய டீமுக்கு ஒரு வெற்றியும் ஒரு நாள் வசூலும். அப்பலாச்சியன் ஸ்டேட் 2007-இல் மிச்சிகனை 34-32 என்று தோற்கடித்ததும், நார்தர்ன் இலினாய் 2024-இல் நோட்டர் டேமை 16-14 என்று தோற்கடித்ததும் எப்போதோ ஒரு முறை நடக்கிற அதிசயங்கள். மற்ற நாட்களில் இடைவேளைக்குள் 42-3 ஆகிவிடும். சீசன் டிக்கெட்காரர் ஏழு மேட்சுக்கும் பணம் கட்டியிருப்பார், அதில் இரண்டு மூன்று இந்த ரகம். அந்த டிக்கெட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைக்காது. தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2026 முதல் எட்டுக்குப் பதிலாக ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச் ஆட முடிவெடுத்திருப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆன்லைனில் ஒரு மேட்சுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்றால் சீசன் டிக்கெட் எதற்கு?

நிறைய பேர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற டிக்கெட் மறுவிற்பனைத் தளங்கள் வந்த பிறகு சாதாரண மேட்சுக்கு மேட்ச் அன்று காலையில் முகவிலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். முன்பெல்லாம் பெரிய எதிரியோடு நடக்கும் மேட்சைப் பார்க்க வேண்டுமானால் சீசன் டிக்கெட்தான் வழி. இப்போது விலை கூடினாலும் ஒன்றை மட்டும் வாங்கிவிடலாம்.

வரிச் சட்டம் மாறியது என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்ன "நன்கொடை"யில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கு இருந்தது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது, 2018 முதல் சல்லிக்காசு கிடையாது. பணக்காரர்களும் கம்பெனிகளும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய டீம்கள் தாங்கிக்கொண்டன, காத்திருப்போர் பட்டியல் இல்லாத டீம்களுக்குத்தான் வலித்தது.

கான்ஃபரன்ஸ் மாற்றங்கள் ரசிகர்களை ஏன் இவ்வளவு பாதிக்கின்றன?

ஏனென்றால் இந்த ஆட்டம் உயிரோடு இருப்பதே பக்கத்து ஊர்க்காரனோடு இருக்கும் பகையில்தான். ஆபீஸில் எதிர் இருக்கையில் இருப்பவர், மச்சினன், பக்கத்து வீட்டுக்காரர் என்று வருஷம் முழுக்க முகத்தில் விழிக்கிறவரின் டீமை ஜெயிக்க வேண்டும். அதைத்தான் டிவி பணத்துக்காக அறுத்துப் போட்டார்கள்.

ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் 1904-இல் முதல் முறை மோதின, 1910-லிருந்து ஒரு வருஷம்கூட விடவில்லை. ஒக்லஹோமா எஸ்இசி-க்குப் போனதால் 2023 நவம்பர் 4 அன்று ஒக்லஹோமா ஸ்டேட்டின் ஊரான ஸ்டில்வாட்டரில் நடந்ததோடு நின்றுவிட்டது. ஒக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று ஜெயித்து, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கோல் கம்பங்களைச் சாய்த்தார்கள்.

மேற்குக் கரையில் இன்னும் மோசம். 2022 ஜூனில் யுஎஸ்சி-யும் யுசிஎல்ஏ-வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன, 2023 ஆகஸ்ட்டில் ஆரிகனும் வாஷிங்டனும் கிளம்பின, கடைசியில் நூறு வருஷத்துக்கு மேல் பாரம்பரியமுள்ள பேக்-12 கான்ஃபரன்ஸில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே டீம்கள். ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் "அட்லாண்டிக் கரை" என்று பெயர் வைத்திருக்கும் கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. நவம்பர் கடைசியில் குளிரில் நடக்கும் ஆரிகன், ஆரிகன் ஸ்டேட் மேட்ச் 2024-இலும் 2025-இலும் செப்டம்பருக்குத் தள்ளப்பட்டது. கொர்வாலிஸில் முப்பது வருஷமாக டிக்கெட் வைத்திருந்த ஒரு ஆரிகன் ஸ்டேட் ரசிகர் என்ன தப்பு செய்தார்? அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மறுபக்கமும் பாருங்கள். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-இல் நிறுத்தியதை 2024 நவம்பர் 30 அன்று மறுபடி தொடங்கின. ஏ அண்ட் எம்மின் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், டிக்கெட்டுக்கு அடிதடி. ரசிகர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்ததால்தான் ரசிகர்கள் விலகுகிறார்களா?

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, இதில் நான் கறாராக இருக்கிறேன். ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது 2021 ஜூலை 1-இல். கூட்டம் சரியத் தொடங்கியது அதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்பு. ஒரு லட்சம் பேர் முன்னால் உடம்பைக் கொடுத்து ஆடுகிற இளைஞனுக்குப் பங்கு கிடைப்பது நியாயம். 2023-இல் ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை வேலையை விட்டு அனுப்ப டெக்சஸ் ஏ அண்ட் எம் 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் இருக்கும்போது ஆட்டக்காரனுக்குக் கொடுப்பதைக் குறை சொல்வது சரியில்லை.

ஆனால் இரண்டு விஷயம் ரசிகரை நிஜமாகவே உறுத்துகிறது. ஒன்று, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஒவ்வொரு வருஷமும் பாதி டீம் மாறிவிடுகிறது. முதல் வருஷம் தடுமாறிய பையன் நான்காம் வருஷம் கேப்டன் ஆவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது, அது அரிதாகிவிட்டது. இரண்டாவது, செலவு ரசிகர் தலையில் விழுகிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் வருஷத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அது இறுதியாகும் முன்பே, 2024 செப்டம்பரில், டென்னசி பல்கலைக்கழகம் அடுத்த வருஷச் சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் "திறமைக் கட்டணம்" சேர்ப்பதாக அறிவித்தது, வழக்கமான விலையேற்றம் தனி. டென்னசி அப்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, விற்றுவிட்டது. தோற்றுக்கொண்டிருக்கும் டீம் இதைச் செய்தால் பெஞ்ச் காலியாகும்.

ஜெயித்தால் கூட்டம் தானாக வந்துவிடாதா?

வரும். கொலராடோ 2022-இல் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தது. டிசம்பரில் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்தார், ஒரு மேட்ச்கூட ஆடாமலே 2023 சீசன் டிக்கெட் முழுக்க விற்றது, 1996-க்குப் பிறகு முதல் முறையாக. இண்டியானா 2023-இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்த அடுத்த வருஷமே சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் போனார்கள், எப்போதும் பாதி காலியாக இருக்கும் ஸ்டேடியம் நிறைந்தது.

ஆனால் நெப்ராஸ்கா என்று ஒன்று இருக்கிறது. 2017 முதல் 2023 வரை ஏழு சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். சின்ன டீமான ஜார்ஜியா சதர்னிடம் 2022-இல் சொந்த ஊரில் 45-42 என்று தோற்று, மறுநாளே கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட்டை அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் 1962 நவம்பரில் தொடங்கிய "எல்லா டிக்கெட்டும் விற்றது" தொடர் அறுபடவில்லை. 2021-இல் அறுந்துவிடும் போலிருந்தபோது மீதி டிக்கெட்டுகளை வசதியுள்ளவர்கள் வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இப்படி எண்ணைக் காப்பாற்றுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல வழியாகவே தெரிகிறது, முதல் முறை ஸ்டேடியம் பார்க்கும் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்.

லாஸ் ஏஞ்சலஸில் யுசிஎல்ஏ மேட்சுக்கு மட்டும் ஏன் அவ்வளவு காலி?

ஸ்டேடியம் காம்பஸில் இல்லை. பாசடீனாவில் இருக்கும் ரோஸ் பவுல் சுமார் 26 மைல் தூரம், லாஸ் ஏஞ்சலஸ் டிராஃபிக்கில் 26 மைல் என்றால் என்னவென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வகுப்புகள் தொடங்குவதும் செப்டம்பர் கடைசியில்தான், முதல் மேட்சுகளின்போது மாணவர்களே ஊரில் இல்லை. 2022 செப்டம்பரில் பௌலிங் கிரீன் டீமோடு கொளுத்தும் வெயிலில் ஆடியபோது வந்தவர்கள் 27,143 பேர், ரோஸ் பவுலில் யுசிஎல்ஏ-வுக்கு அதைவிடக் குறைந்த கூட்டம் அதுவரை வந்ததில்லை.

சின்னப் பல்கலைக்கழகங்களின் நிலைமை?

ரொம்பக் கஷ்டம். ஒஹையோ, மிச்சிகன் பக்கத்தில் இருக்கும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் டீம்கள் நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன, மற்ற யாரும் ஆடாத நாளில் டிவியில் இடம் கிடைக்கிறது என்பதற்காக. மறுநாள் வேலை, பள்ளிக்கூடம், வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் காலி பெஞ்ச் தெரியும். மேல்மட்டப் பிரிவில் இருக்க சராசரி 15,000 பேர் வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, அதை 2023-இல் எடுத்தேவிட்டார்கள்.

பீர் விற்றால் கூட்டம் வருமா?

எஸ்இசி 2019-இல் பொது இருக்கைகளில் மது விற்க அனுமதித்தது, இப்போது பெரும்பாலான இடங்களில் உண்டு. வருமானம் வருகிறது. ஒரு டிக்கெட்டாவது இதனால் கூடுதலாக விற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டேடியங்களைச் சின்னதாக்குகிறார்களே, அது தோல்வியை ஒப்புக்கொள்வதா?

ஸ்டான்ஃபோர்ட் 2006-இலேயே 85,000 இருக்கையை 50,000 ஆக்கியது. அரிசோனா ஸ்டேட் குறைத்தது, கேன்சஸ் குறைத்தது, நார்த்வெஸ்டர்ன் 47,000 இருந்ததை இடித்துவிட்டு 35,000-க்குக் கட்டுகிறது. அளவைக் குறைப்பதில் தப்பில்லை, 35,000 பேர் நிறைந்து கத்தினால் 60,000-இல் பாதி காலியாக இருப்பதைவிட நன்றாகவே இருக்கும். என் கவலை, இடிக்கும்போது போவது மூலையில் இருக்கும் இருபது டாலர் இருக்கை, வருவது கண்ணாடி போட்ட கிளப் அறை. புதுக் குடும்பம் முதல் முறை உள்ளே நுழைவது அந்த இருபது டாலர் இருக்கை வழியாகத்தான்.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

மாணவர் டிக்கெட்டை லாபம் பார்க்கிற பொருளாக நினைப்பதை நிறுத்த வேண்டும், முதல் வருஷ மாணவருக்கு இலவசமாகவே கொடுக்கலாம். டிவி ஒப்பந்தம் போடும்போது குறைந்தது மூன்று சொந்த மைதான மேட்சுக்காவது கோடையிலேயே நேரத்தை அறிவித்துவிட வேண்டும். பக்கத்து ஊர் எதிரியை எந்தக் கான்ஃபரன்ஸில் இருந்தாலும் வருஷா வருஷம் ஆட வேண்டும். அப்புறம், புதுப்பிக்கும் கடிதத்தில் ஒளிவுமறைவு கூடாது. நான் டிக்கெட் வைத்திருந்த ஒரு இடத்தில் டிக்கெட் விலை ஏறவில்லை என்று பெரிய எழுத்தில் போட்டு, அடுத்த பக்கத்தில் நன்கொடையைக் கணிசமாக ஏற்றியிருந்தார்கள். ஃபோன் செய்து கேட்டபோது பேசிய பெண் பாவம் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விட்டுவிட்டால் என் இடத்தை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்த வரிசையில் பாதி ஏற்கெனவே காலியாக இருந்தது. விலை ஏற்றினால் ஏற்றினோம் என்று சொல்லுங்கள், ரசிகர்கள் பெரியவர்கள், புரிந்துகொள்வார்கள்.

இப்போது ஒருவர் சீசன் டிக்கெட் வாங்கலாமா?

மாணவராக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், இவ்வளவு குறைந்த விலையில் பிறகு எப்போதும் கிடைக்காது. விதி தெரியாது என்று தயங்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். வேலைக்குப் போகிறவர், குடும்பத்தோடு இருப்பவர் என்றால், ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வசந்த காலத்துக்கு முன்பே பல இடங்களில் விற்பனை தொடங்கிவிடும், விலையைப் பார்க்கும் முன் அட்டவணையைப் பாருங்கள். சொந்த ஊரில் நடக்கும் ஏழில் குறைந்தது நான்கு நீங்கள் விட மனசில்லாத மேட்சாக இருந்தால் வாங்குங்கள். நன்கொடை கேட்காத மூலை இருக்கைகள் இருக்கின்றனவா என்று அலுவலகத்துக்கே ஃபோன் செய்து கேளுங்கள், இணையத்தில் அவை எப்போதும் முதலில் தெரிவதில்லை. நான்கு தேறவில்லை என்றால் அக்டோபரில் ஒரு நல்ல கான்ஃபரன்ஸ் மேட்சுக்குத் தனி டிக்கெட் எடுத்து, கிக்-ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள், பேண்ட் மைதானத்துக்குள் வருவதைத் தவறவிடாதீர்கள். பை மட்டும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.